கங்கைக்குள் எழும் இரைச்சலை யார் அளப்பது?

இந்திய ஆறுகளில் எத்தனை டால்பின்கள் வாழ்கின்றன என்ற கேள்விக்கு மார்ச் 2025இல்தான் முறையான விடை கிடைத்தது. எட்டு மாநிலங்களில் 28 ஆறுகளில், 8,500 கி.மீ.க்கும் அதிகமான தூரத்துக்கு நடத்தப்பட்ட முதல் கணக்கெடுப்பின் முடிவை மத்திய அரசு அப்போது வெளியிட்டது. மொத்தம் 6,327 டால்பின்கள். உத்தரப் பிரதேசத்தில் 2,397, பிஹாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் மிஞ்சியிருக்கும் 3 சிந்து டால்பின்களைத் தவிர, மற்ற அனைத்தும் கங்கை டால்பின்கள்.

2009இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட உயிரினம் இது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மீன்பிடி வலைகளில் சிக்கி மடிவது, எண்ணெய்க்காகக் கொல்லப்படுவது, தடுப்பணைகளால் வாழிடம் துண்டாடப்படுவது, கோடையில் ஆறு வற்றுவது என இதைச் சூழ்ந்துள்ள ஆபத்துகள் குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவருகிறது. ஆனால், படகுகளும் சரக்குக் கப்பல்களும் தூர்வாரும் இயந்திரங்களும் நீருக்கடியில் எழுப்பும் இரைச்சல், இந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மாசு என்பதால் அது எவர் கவனத்துக்கும் வருவதில்லை. கங்கையை நாட்டின் முதன்மையான நீர்வழிச் சாலையாக மாற்றும் வேலைகள் நடந்துவரும் காலம் இது. இந்த நேரத்தில் இரைச்சலை அளக்காமல் விட்டுவிட்டால், பின்னர் அதன் பாதிப்பைக் கணக்கிடுவதற்கு ஒப்பிட எந்த அளவும் நம் கையில் இருக்காது.

காதையே கண்ணாகக் கொண்ட விலங்கு

கங்கை டால்பினின் கண், ஊசித்துளை போன்ற ஒரு சிறு திறப்பு மட்டுமே. அதில் லென்ஸ் கிடையாது. வெளிச்சத்தை உணரலாம், உருவங்களைப் பார்க்க முடியாது. வண்டல் கலந்து கலங்கி ஓடும் ஆற்றில் பார்வையால் பெரிய பயனும் இல்லை. அதனால், இந்த விலங்கு ஓயாமல் ‘கிளிக்’ ஒலிகளை எழுப்பி, அவை எதன்மீது பட்டுத் திரும்புகின்றன என்பதைக் கேட்டபடியே நீந்துகிறது. மீன், மணல்திட்டு, வலை, எதிரே வரும் இன்னொரு டால்பின் என எல்லாவற்றையும் எதிரொலியில்தான் அறிகிறது.

நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். 15 மீட்டர் தொலைவில் உள்ள மீனின் மீது பட்ட ஒலி, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் டால்பினிடம் திரும்பிவிடும். திரும்பும் ஒலி மிக மெல்லியது. அந்த நேரத்தில் அருகில் ஒரு டீசல் படகு கடந்தால், எதிரொலி இரைச்சலுக்குள் மறைந்துபோகும். இதைத்தான் ஆய்வாளர்கள் ஒலி மறைப்பு என்கிறார்கள்.

டால்பின்கள் எதிரொலியைக் கொண்டே வழி அறிகின்றன என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உயிரியலாளர் கெனத் நாரிஸ். அவரும் குழுவினரும் ‘கேத்தி’ என்ற பாட்டில்மூக்கு டால்பினின் இரு கண்களையும் ரப்பர் மூடிகளால் மூடினார்கள். கேத்தி நீரில் இருந்த தடைகளுக்கு நடுவே தடுமாறாமல் நீந்தியது. போடப்பட்ட மீனைத் தேடிப் பிடித்தது. இந்த ஆய்வு 1961இல் வெளியானது. மூடிகளைக் கழற்றியதும் கேத்திக்குப் பார்வை திரும்பிவிட்டது. கங்கை டால்பினுக்கு அப்படித் திரும்ப ஒரு பார்வை இல்லை. கடல் டால்பின்களுக்கு இரைச்சல் தரும் தொல்லையைவிட, இதற்கு நேரும் பாதிப்பு பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கத்திப் பேசியும் பயனில்லை

இரைச்சல் டால்பின்களை என்ன செய்கிறது என்பதை மிக நெருக்கத்தில் காட்டிய சோதனை ஒன்று 2023இல் ‘கரண்ட் பயாலஜி’ ஆய்விதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டால்பின் ஆய்வு மையத்தில், டெல்டா, ரீஸ் என்ற இரு பாட்டில்மூக்கு டால்பின்களுக்குக் கூட்டாகச் செய்யும் ஒரு வேலை பழக்கப்பட்டது. குளத்தில் நீருக்கடியில் இரண்டு பொத்தான்கள். இரண்டும் ஆளுக்கு ஒன்றை, ஒரு விநாடி இடைவெளிக்குள் அழுத்த வேண்டும். சில முறை ஒன்றை முன்னதாக அனுப்பிவிட்டு, மற்றதைச் சில விநாடிகள் நிறுத்திவைத்தார்கள். முன்னே போனது காத்திருக்க வேண்டும். பின்னே வருவது கிளம்பியதும் குரல் கொடுத்து ஒத்திசைந்தாக வேண்டும். இரண்டின் உடலிலும் உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டப்பட்ட கருவிகள் அவற்றின் சீழ்க்கையையும் அசைவையும் பதிவுசெய்தன.

பிறகு ஆய்வாளர்கள் நீருக்குள் இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பேருந்து நிலையத்தில் அலைபேசியில் பேசுபவர் குரலை உயர்த்துவதுபோல, டால்பின்களும் சீழ்க்கையை உரக்கவும் நீட்டியும் எழுப்பின. ஒன்றையொன்று நோக்கி உடலைத் திருப்பிக்கொண்டன. இருந்தும், வழக்கமான சூழலில் 85%ஆக இருந்த வெற்றி, உச்ச இரைச்சலில் 62.5%ஆகச் சரிந்தது. பழகிய வேலை, பழகிய இடம், பழகிய துணை. அப்படியிருந்தும் இந்தச் சரிவு. திறந்த கடலில் கூட்டமாக மீன் வேட்டையாடும்போதோ, தாய் தன் குட்டியை அழைக்கும்போதோ இதே சரிவு நேர்ந்தால், அது பசியாகவும் பிரிவாகவும் முடியும்.

அமெரிக்காவின் மேரிலாந்து கடற்கரையை ஒட்டி நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுப்புற இரைச்சல் அதிகமானபோது, டால்பின்கள் தங்கள் சீழ்க்கையின் ஏற்ற இறக்கங்களைக் குறைத்து எளிமையாக்கிக்கொண்டன என்பது அதன் முடிவு. பாட்டில்மூக்கு டால்பின் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய அடையாளச் சீழ்க்கை உண்டு. ஏற்ற இறக்கங்கள் கழிந்தால், அந்தச் சீழ்க்கை சுமந்து செல்லும் தகவலும் குறையும்.

எவ்வளவு இரைச்சல், எவ்வளவு இழப்பு என்பதையும் கணக்கிட முடியும். 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆழம் குறைந்த நீரில் வெறும் 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 9 கி.மீ. வேகத்தில், செல்லும் சிறு படகு 50 மீட்டருக்குள் இருந்தால், பாட்டில்மூக்கு டால்பின்கள் ஒன்றையொன்று கேட்கும் தூரம் 26% குறைகிறது. இரைச்சலான இடங்களுக்கு ஓரளவு பழகிய இனத்தின் நிலை இது. அமைதியான ஆழ்கடலில் வாழும் பைலட் திமிங்கிலங்களுக்கு, அதே அளவு தூரத்தில் அதே வேகத்தில் வரும் படகால் 58% குறைகிறது. படகின் வேகம் கூடினால் இழப்பும் கூடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

கப்பலின் ஒலியில் பெரும்பங்கு இன்ஜினைவிட அதன் புரொப்பெல்லரிலிருந்தே வருகிறது. புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அதன் இலைகளை ஒட்டி அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் உருவாகின்றன. அடுத்த கணமே அவை நொறுங்குகின்றன. விநாடிதோறும் ஆயிரக்கணக்கில் நொறுங்கும் இந்தக் குமிழ்களின் ஓசைதான் நீருக்கடியில் கப்பலின் குரல். வேகத்தைக் குறைத்தால் குமிழ்கள் குறையும். சேதமடைந்த, அளவு பொருந்தாத புரொப்பெல்லர் என்றால், குறைந்த வேகத்திலேயே குமிழ்கள் தோன்றிவிடும்.

பெரிய கப்பல்களின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அது நெடுந்தூரம் பயணிக்கும். பெருந்திமிங்கிலங்களின் குரல் எல்லையும் அதுதான். கலிஃபோர்னியாவுக்கு மேற்கே ஒரே இடத்தில் 1960களிலும் 2003-04இலும் எடுக்கப்பட்ட அளவீடுகளை ஒப்பிட்டபோது, தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் வரை உயர்ந்திருந்தது. ஒலியின் ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல் கூடிவிட்டது என்பது இதன் பொருள். டால்பின்களின் செவி இதற்கு மாறாக உயர்ந்த அதிர்வெண்களுக்கு ஏற்றது. பாட்டில்மூக்கு டால்பினால் 1,50,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க முடியும். ஆகவே, தொலைவில் போகும் பெரிய கப்பலைவிட, அருகில் விரையும் சிறு படகுகளும் விசைப் படகுகளுமே அவற்றுக்கு அதிகத் தொல்லை. கடலில் டால்பின் விலகிப் போகலாம். கோடைக்கால ஆற்றில் எங்கே போகும்?

வற்றிய ஆற்றில் ஓர் ஆய்வு

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் மயூக் டே, ஜகதீஷ் கிருஷ்ணசுவாமி, ததமிச்சி மொரிசாகா, நச்சிகேத் கேல்கர் ஆகிய நால்வர். ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கிகளைக் கங்கையில் இறக்கி, டால்பின்களின் ‘கிளிக்’ ஒலிகளையும் படகுகளின் இரைச்சலையும் பதிவுசெய்து அவர்கள் செய்த ஆய்வு, 2019இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியானது.

முடிவுகள் தெளிவானவை. இரைச்சல் திடீரென எழுந்து அடங்கும்போது, டால்பின்கள் அதிகமாக ஒலியெழுப்பி ஈடுகட்டப் பார்க்கின்றன. இரைச்சல் ஓயாமல் தொடர்ந்தால் அவற்றின் ஒலிச் செயல்பாடு அடங்கிவிடுகிறது. கூடுதலாகக் குரல் கொடுக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்குக் கூடுதல் மீன் வேண்டும். மீனைக் கண்டுபிடிக்கவோ அந்தக் குரல்தான் வேண்டும். சுற்றுப்புற இரைச்சல் உயர்ந்தபோது டால்பின்களின் வளர்சிதைமாற்றச் சுமை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆற்றின் ஆழம் குறையக் குறைய இந்தப் பாதிப்பு மேலும் கடுமையானது என்பது இன்னொரு முக்கியமான முடிவு.

ஆழம்தான் இங்கே முடிச்சு. மழைக்காலம் முடிந்து நீர் வடிந்ததும், டால்பின்கள் ஆற்றின் வளைவுகளிலும் கூடுதுறைகளிலும் உள்ள ஆழமான மடுக்களில் ஒதுங்குகின்றன. சரக்குக் கப்பல்களுக்கும் அதே ஆழம்தான் தேவை. பரந்து கிடந்த ஆறு ஒரு கால்வாயாகச் சுருங்கும்போது, டால்பினும் கப்பலும் ஒரே தடத்தில் வந்து நிற்கின்றன.

பிரயாக்ராஜிலிருந்து ஹால்டியா வரையிலான 1,620 கி.மீ. நீர்வழி, 1986இல் தேசிய நீர்வழி-1 என அறிவிக்கப்பட்டது. 2016இல் வந்த சட்டம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111ஆக உயர்த்தியது. உலக வங்கியின் உதவியுடன் ‘ஜல் மார்க் விகாஸ்’ திட்டத்தின் கீழ், வாராணசிக்கும் ஹால்டியாவுக்கும் இடையே 1,500 முதல் 2,000 டன் வரையிலான கப்பல்கள் செல்வதற்கு ஏற்பத் தூர்வாரும் பணிகளும் முனையங்களும் திட்டமிடப்பட்டன. 2018இல் வாராணசியிலும் 2019இல் ஜார்க்கண்டின் சாகிப்கஞ்சிலும் முனையங்கள் திறக்கப்பட்டன. 2023 ஜனவரியில் வாராணசியிலிருந்து அசாமின் திப்ருகருக்குச் சுமார் 3,200 கி.மீ. செல்லும் ‘கங்கா விலாஸ்’ சொகுசுக் கப்பல் தன் பயணத்தைத் தொடங்கியது. பிஹாரின் சுல்தான்கஞ்சுக்கும் கஹல்காவுக்கும் இடையே 1991இல் அமைக்கப்பட்ட விக்ரமசீலா கங்கை டால்பின் சரணாலயத்தின் வழியாகவே இந்த நீர்வழி செல்கிறது.

நீர்வழிப் போக்குவரத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு டன் சரக்கைச் சாலையில் கொண்டுசெல்வதைவிட நீரில் கொண்டுசெல்ல எரிபொருள் குறைவாகவே செலவாகும், புகையும் குறையும். படகோட்டிகளின் பிழைப்பும் ஆற்றில்தான் இருக்கிறது. டால்பின்களை அதிகம் கொல்வது இன்றும் மீன்பிடி வலைகளே என்பதும் உண்மை. ஆனால், எதிரொலி கேட்காத விலங்கு வலையையும் கண்டுகொள்ளாது. இரைச்சலைத் தனிப் பிரச்சினையாக ஒதுக்கிவைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தின் காதுக்கு எட்டாத ஒலி

இந்தியாவில் ஒலிக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987இல் செய்யப்பட்ட திருத்தம், காற்றை மாசுபடுத்துபவற்றின் வரையறைக்குள் ஒலியையும் சேர்த்தது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதி, வணிகப் பகுதி, குடியிருப்பு, அமைதி மண்டலம் என நான்காகப் பிரித்து வரம்பு விதித்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல். இவை அத்தனையும் காற்றில் பரவும் ஒலிக்கானவை. நீருக்குள் பரவும் ஒலிக்கு இப்படி ஒரு வரம்பு கிடையாது. தேசிய நீர்வாழ் விலங்குக்கெனச் சரணாலயம் அமைத்த நாட்டில், அந்தச் சரணாலயத்தின் நீருக்கடியில் எவ்வளவு இரைச்சல் இருக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சர்வதேசச் சட்டம் இந்த இடத்தில் முன்னே நிற்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட உடன்படிக்கை, கடல் மாசு என்பதை வரையறுக்கும்போதே ‘பொருள்கள் அல்லது ஆற்றல்’ என்று குறிப்பிடுகிறது. ஒலியும் ஆற்றல்தான். இந்த உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கொண்டுவந்த கடல்சார் நெறிமுறையில், கடலின் நலத்தை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றாக நீரடி இரைச்சலைச் சேர்த்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் கப்பல்களின் நீரடி ஒலியைக் குறைக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டு, 2023இல் அவற்றைத் திருத்தியது. அவை கட்டாயமானவை அல்ல என்பது குறைதான்.

இரைச்சல் உயிரையே பறிக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஜூன் 2008இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் குறைந்தது 26 டால்பின்கள் ஒதுங்கி இறந்தன. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய ஆய்வாளர்கள், அப்பகுதியில் நடந்த கடற்படைப் பயிற்சியே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று 2013இல் அறிவித்தனர். ஸ்பெயினின் கேனரி தீவுகளில், கடற்படை சோனார் பயன்பாட்டைத் தொடர்ந்து அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கி இறந்துவந்தன. 2004இல் ஸ்பெயின் அரசு அத்தீவுகளைச் சுற்றிச் சோனார் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. அதன் பின்னர் அங்கே அத்தகைய கூட்ட மரணங்கள் நின்றன. ஒரே ஓர் ஆணை செய்த வேலை அது.

நிறுத்தினால் நிற்கும் மாசு

ஆற்றில் கலந்த கன உலோகம் வண்டலில் பல பத்தாண்டுகள் தங்கும். பிளாஸ்டிக் இன்னும் நெடுங்காலம் இருக்கும். இரைச்சல் அப்படிப்பட்டதில்லை. மூலத்தை நிறுத்தினால் அந்த நொடியே அது நின்றுவிடும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து சட்டெனக் குறைந்தது. அங்கே நீரடி இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் மலத்தில் மன அழுத்த ஹார்மோன்களின் அளவும் குறைந்தது. ரோசலிண்ட் ரோலண்ட் தலைமையிலான குழு இதை 2012இல் வெளியிட்டது. திறந்த நீரில் இரைச்சல் 6 டெசிபல் குறைந்தால், ஒரு குரல் எட்டும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

திட்டமிட்டே இதைச் செய்துகாட்டிய இடம் கனடாவின் வான்கூவர். டால்பின் குடும்பத்திலேயே பெரியவையான ஓர்கா திமிங்கிலங்களில், அழிவின் விளிம்பில் உள்ள கூட்டம் ஒன்று அங்கே வாழ்கிறது. 2014இல் வான்கூவர் துறைமுகம் தொடங்கிய திட்டத்தின்படி, 2017 முதல் ஹாரோ நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் வேகத்தைக் குறைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றன. கட்டாயம் ஏதுமில்லை. இருந்தும், பெரும்பான்மையான கப்பல்கள் ஒத்துழைத்தன. வேகம் குறைந்தபோது இரைச்சலும் குறைந்ததை நீரடி ஒலிவாங்கிகள் பதிவுசெய்தன. ஒலி குறைந்த கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகையும் தரப்படுகிறது. அளவீடு, வேக வரம்பு, ஊக்கத்தொகை என்ற மூன்றையும் ஒன்றாகக் கோத்ததுதான் அங்கே பலன் தந்தது.

இந்தியாவிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரிய மின்சக்திப் படகு பயணிகளைச் சுமக்கிறது. 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ, மின்கலப் படகுகளால் இயங்குகிறது. வாராணசியில் டீசல் படகுகளை சிஎன்ஜிக்கு மாற்றும் முயற்சி புகையைக் குறைப்பதற்காகத் தொடங்கியது. அத்தகைய திட்டங்களில் இன்ஜினோடு சேர்த்துப் புரொப்பெல்லரையும் சீராக்கினால், அதே செலவில் ஒலியும் குறையும். அந்தச் சுமையைப் படகோட்டிகளின் தலையில் ஏற்றாமல் அரசே மானியமாக ஏற்க வேண்டும்.

நீர்வழிக்கான விதிகளோ ஆழத்தோடு இணைக்கப்பட வேண்டும். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் ஒரே வேக வரம்பு என்பது 2019 ஆய்வு சொன்னதற்கு நேர்மாறானது. நீர் வடியும் மாதங்களில், சரணாலயப் பகுதியிலும் டால்பின்கள் கூடும் மடுக்களிலும் கப்பல்களின் வேகத்துக்கு மட்டுமின்றி, ஒரு நாளில் கடக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். தொடர்ந்து வரும் இரைச்சல்தான் டால்பினின் குரலை அடக்குகிறது. ஆகவே, கப்பல்களை நாள் முழுக்கச் சிதறவிடாமல், குறிப்பிட்ட நேரங்களில் அனுப்பி, நடுவே நீண்ட அமைதி இடைவெளிகளை உறுதிசெய்ய முடியுமா என்பதையும் சோதித்துப் பார்க்கலாம். தூர்வாரும் ஒப்பந்தங்களில் பணிக்கு முன்னும் பின்னும் ஒலி அளவீடு கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவை அனைத்துக்கும் முதல் படி அளவீடு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உள்பட 7 பெருநகரங்களில் 70 இடங்களில் ஒலியளவுக் கருவிகளை நிறுவியிருக்கிறது. கங்கைக்கும் அப்படி ஒரு வலைப்பின்னல் வேண்டும். டால்பின்களை எண்ணிய இந்திய வன உயிரின நிறுவனத்துக்கும், 2024இல் பாட்னாவில் திறக்கப்பட்ட தேசிய டால்பின் ஆராய்ச்சி மையத்துக்கும் அதை நடத்தும் பொறுப்பைக் கொடுக்கலாம். சரக்குப் போக்குவரத்து திட்டமிட்ட உச்சத்தை இன்னும் எட்டவில்லை என்பதால், இன்றைய இரைச்சலை அடிப்படை அளவாகப் பதிவுசெய்யும் வாய்ப்பு கைவசம் இருக்கிறது. அடுத்த கோடையில் நீர் வடியும் முன் விக்ரமசீலா சரணாலயத்தில் ஹைட்ரோபோன்களை இறக்கி, அவற்றின் பதிவுகளைக் காற்றுத் தரக் குறியீட்டைப் போலப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நீர்வழிப் போக்குவரத்தை நடத்தும் துறையும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து, அந்தப் பதிவுகளின் அடிப்படையில் நீரடி ஒலிக்கான முதல் வரம்பை வகுக்க வேண்டும்.